தோட்டத்துப் பிள்ளைகளும் சர்வகலாசாலையும்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். ஆகிய பள்ளியிறுதித் தேர்வுகளின் முடிவுகள் வெளியான சில வாரங்களுக்குள், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் பாராட்டு விழாக்கள் வரிசையாக நடைபெறுவது மலேசியத் தமிழர் சமூகத்தின் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றி, கடவுள் வாழ்த்துப் பாடி, பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை என்று மூன்று நான்கு பிரசங்கங்கள் ஆனபின், எத்தனை ‘ஏ’ என்ற ஒரே விவரத்தோடு ஒவ்வொரு பெயரும் அழைக்கப்பட, மாணவர் மேடையேறி, சான்றிதழையும் சன்மான உறையையும் வாங்கிக்கொண்டு, படத்துக்கு நின்றுவிட்டு இறங்கிவிடுகிறார். அவர் வாய் திறந்து பேசுவதற்கு நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. இருந்தால், கூட்டத்தின் கடைசியில், பந்திக்காக நாற்காலிகளை நகர்த்தும் சத்தத்தினிடையே, எல்லார் சார்பிலும் ஒருவர் நன்றி கூறுவதோடு சரி. பாராட்டுவது நல்ல காரியம். அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும், பாராட்டப்படுகிறவர் எந்த வழியாக அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார் என்று கேட்டறியாமல் செய்யும் பாராட்டு அரைகுறையானதே. அந்த வழிக்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு; அதை நம்மவர்கள் எழுதி வைத்திருப்பது மிகக் கொஞ்சம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் மாணவனின் கதை இரண்டு கிளைகளாகத் தொடங்குகிறது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டதும், செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகஸ்தர்கள் குடியேறினர். அவர்களுள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்றுவந்த குமாஸ்தாக்களும் நிலைய அதிகாரிகளும் பலர். 1893ல் ஏற்பட்ட விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆங்கிலப் பள்ளியின் ஸ்தாபகர்களுள் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். சிங்கப்பூரில் 1905ல் மருத்துவக் கல்லூரி தோன்றியபின், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பையன் டாக்டராகத் திரும்பிவருவது அரிதான செய்தியாக இருந்தாலும் நம்ப முடியாத செய்தியாக இருக்கவில்லை. 1904ல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் அந்த வட்டாரத்தின் கல்வி ஆசைக்கு இன்றும் நின்று சாட்சி சொல்கிறது. இந்தக் கிளையைச் சேர்ந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் புத்தகம் இருந்தது, தகப்பனாருக்கு மாதச் சம்பளம் இருந்தது, படிப்பு என்பது எதற்கு என்ற கேள்வி எழவில்லை.

மற்றக் கிளை தோட்டத்தில் தொடங்கியது. காப்பார், கேரித் தீவு, பந்திங் என்று கிள்ளானைச் சுற்றிப் பரந்துகிடந்த ரப்பர்த் தோட்டங்களில், கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பதே நீண்ட காலம் முதலாளியின் தயவைப் பொறுத்ததாக இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டுமென்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மையே. ஆனால், சட்டம் கட்டடம் எப்படியிருக்க வேண்டுமென்றோ, ஆசிரியர் என்ன கற்றிருக்க வேண்டுமென்றோ வற்புறுத்தாமையால், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி அறையோ, ஆயாக்கொட்டகையின் ஒரு பகுதியோ பள்ளியாகியது; காலையில் கணக்கெழுதிய கிராணியோ, எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியராக அமர்ந்தார். ஒரே கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துப் பிரித்து, இடப்பக்கத்தில் முதலாம் வகுப்புக்கு அகரமும் வலப்பக்கத்தில் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கும் எழுதிவிட்டு, ஒரு கூட்டம் எழுத மற்றொரு கூட்டம் ஒப்பிக்க, ஒருவரே எல்லாருக்கும் உபாத்தியாயராக இருந்த அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போன தாயாருக்குப் பால் வடியும் மங்கு துடைக்கவும் மரத்தில் உறைந்த கோட்டுப்பால் பொறுக்கவும் துணைக்குப் போய்விட்டு, கையில் பால்வாடை போகாமலே பலகையில் எழுதியது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் அந்தப் பிள்ளைக்குப் பால் வெட்ட மரம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்பால் கல்வி என்று ஒன்று இருப்பதாகவே தோட்டத்து நிர்வாகம் கருதவில்லை. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாவதுதான் அதற்கு லாபம்.

தொழிலாளிகளுக்கே கல்வியில் நாட்டமில்லை என்று அக்காலத்துத் துரைமார் எழுதி வைத்ததை இன்றும் சிலர் வேறு வார்த்தைகளில் சொல்வதுண்டு. அவர்களுக்குக் கிள்ளானில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள், கூலி உயர்வும், கள்ளுக்கடையை மூடுவதும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிப்பதும் இருந்ததைப் பலர் அறிவர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வசதி வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்ததை நினைவு வைத்திருப்போர் சிலரே. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; மே மாதத்தில் சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாகித் துருப்புகள் வந்தன; துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக எழுதி உயிரையும் கொடுத்த அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளே பின்னாளில் சர்வகலாசாலை விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பினார்கள் என்பதை விழா மேடைகளில் ஒருமுறையேனும் யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து வந்த யுத்தம் இருந்த பள்ளிகளையும் மூடியது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தகப்பன்மார் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அந்நாட்களின் இளையோரில் எல்லாரும் அறிந்த ஒருவர் ராசம்மா பூபாலன். 1927ல் பிறந்த அவர், பதினாறு வயதளவில் தம் சகோதரியோடு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்று, போர் முடிந்து வந்தபின் மறுபடியும் புத்தகத்தைக் கையிலெடுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டுமென்று போராடி, கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் விளங்கினார். அவருடைய வாழ்க்கை நூலாக வெளிவந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருந்ததால் அது நமக்குக் கிடைத்தது. அதே காலத்தில், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்துப் படிக்கவைக்கச் சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் வேரூன்றியது. அதை நடத்திவந்த அன்னை மங்களம் தம் நீண்ட ஆயுளின் இறுதியான 2023ஆம் ஆண்டு வரை அப்பணியிலேயே இருந்தார். அந்த இல்லத்திலிருந்து பள்ளிக்குப் போன அநாதைப் பிள்ளைகளின் சொந்த வார்த்தைகள் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கின்றன?

1949 அக்டோபர் 8ஆம் தேதி சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதில் இந்திய ஆய்வியல் துறை அமைய வேண்டுமென்ற பேச்சு எழுந்து, யோசனை கூற அழைக்கப்பட்ட பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழிக்கு முக்கியத்துவம் தந்து அறிக்கை அளித்தபோது, இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பான்மையோரின் மொழியான தமிழுக்கே முதலிடம் வேண்டுமென்று பெருங்கிளர்ச்சி தோன்றியது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதற்கு முன்னின்றார். கிளர்ச்சியோடு அவர் நிற்கவில்லை. சர்வகலாசாலையில் தமிழ் நிலைபெற நூல்கள் வேண்டும், நூல்களுக்குப் பணம் வேண்டும் என்று கண்டு, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார். செல்வர்கள் சிலரிடம் பெருந்தொகையாகக் கேட்டு முடித்திருக்கலாம். கடைச் சிப்பந்தியும் துறைமுகத் தொழிலாளியும் பால்மரம் வெட்டுகிறவரும் பங்கு கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஒரு வெள்ளி அக்காலத்துத் தோட்டத் தொழிலாளியின் கையில் அற்பத் தொகையன்று. தம் பிள்ளை ஒருநாளும் காலெடுத்து வைக்கப்போவதில்லை என்று அநேகமாக அவர்களே நம்பியிருந்த ஒரு சர்வகலாசாலையின் நூலகத்துக்கு, படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்த வெள்ளி அது. இந்நாட்டுத் தமிழரின் கல்விச் சரித்திரத்தில் இதற்கு ஒப்பான செயல் வேறொன்று இல்லை என்பது என் துணிபு.

1956ல் துறை தோன்றியது; 1959ல் கோலாலம்பூரின் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்த புதிய வளாகத்துக்கு அது வந்து சேர்ந்தது; 1962 ஜனவரி முதல் தேதி கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் 1961ல் துறையின் தலைமையை ஏற்றதும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டியதும் எல்லாரும் அறிந்த செய்திகளாதலால் விரிக்க வேண்டியதில்லை. எல்லாரும் அறியாதது, அத்துறையின் வகுப்புகளில் வந்தமர்ந்தவர்களின் கதை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, தோட்டத்துப் பள்ளியில் உதவியாசிரியராகி, பகலில் பாடம் சொல்லிக்கொடுத்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் ஆங்கிலம் கற்று, சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையைத் தனியாக எழுதி, இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ தேறி, மனைவி மக்களோடு முப்பது வயதில் சர்வகலாசாலை வாசலை மிதித்த ஆசிரியர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். பதினெட்டு வயதுப் பையன்களின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிய அவர்கள் பட்டம் பெற்றபோது யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அப்படி ஒரு வழக்கம் அன்று மாணவர்களுக்கு ஏற்படவும் இல்லை. அவர்கள் வந்து படித்த வளாகத்தின் ஒரு பகுதியும் முன்பு ரப்பர்க் காடாக இருந்த நிலமே. 

தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்கும் வியாபாரம் ஐம்பதுகளின் இறுதியில் மும்முரமாகி, தொழிலாளர் வீடும் வேலையும் ஒருசேர இழக்கும் நிலை வந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கிய தொழிலாளர்கள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். உறுப்பினரின் பிள்ளைகளுக்குச் சங்கம் கல்வி உதவி வழங்கும் முறையும் பின்னர் வளர்ந்தது. சாரங்கபாணியின் ஒரு வெள்ளியும் சம்பந்தனின் பத்து வெள்ளியும் ஒரே மரபைச் சேர்ந்தவை.

1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டியதாயிற்று. அந்த ஓராண்டின் பாரத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும். அதுவரை லயத்திலும் பள்ளியிலும் தமிழே பேசிவந்த பிள்ளை, விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து லோரியில் ஏறி, கிள்ளானிலோ காப்பாரிலோ உள்ள பெரிய பள்ளியில் இறங்கி, புரியாத பாஷையில் நடக்கும் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாலையில் அதே லோரிக்காகக் காத்துக் கிடந்து, வீடு வந்தால் தோட்டத்து ஜெனரேட்டர் நிற்பதற்குள் வீட்டுப்பாடம் முடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நின்றுபோனவர்களே அதிகம். நின்றவர்களுள் மூத்த பெண்பிள்ளைகள் மிகுதி. தம்பி படிக்கட்டும் என்று பதின்மூன்று வயதில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தாயோடு மலைக்காட்டுக்குப் போன அக்கா ஒருத்தி இல்லாத பட்டதாரிக் குடும்பம் அந்தத் தலைமுறையில் அபூர்வம். தம்பியின் பட்டமளிப்புப் படத்தில் அந்த அக்கா நிற்பதில்லை. அன்றைக்கும் அவளுக்கு வேலை இருந்திருக்கும்.

பின்னர் வந்த இடர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1969ல் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற விதி அமலானதும், ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்துக்குத் திரும்பினர். தங்கியவர்களுள் பிரஜாவுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் உயர்கல்வியும் எட்டாமற்போயின. 1971க்குப் பின் சர்வகலாசாலை இடங்களுக்கு ஒதுக்கீட்டு முறை வந்தது. 1970ல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிய மலாய்மொழிப் போதனை, 1983ல் சர்வகலாசாலையை எட்டியது. இவற்றின் நியாய அநியாயங்களைப் பற்றி வேறிடத்தில் வாதிக்கலாம். படிக்கிற பிள்ளையைப் பொறுத்தவரை, ஏணியின் படிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறின.

அந்த வேளையில்தான், 1982ல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சரித்திர விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா மாணவர் சிலரோடு சேர்ந்து ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். சர்வகலாசாலையில் இடம் பிடித்துவிட்ட தமிழ் மாணவர்களே, வாரக்கடைசியில் பஸ்ஸேறிப் போய், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சரித்திரமும் சொல்லிக்கொடுப்பது அதன் அடிப்படை ஏற்பாடு. ஏழை வீட்டிலிருந்து வந்த ஒருவன் ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாடத்தோடு வேறொன்றும் கைமாறுகிறது: நேற்றுவரை என் வீட்டில் மின்விளக்கில்லை, இன்று நான் சர்வகலாசாலையில் இருக்கிறேன் என்ற செய்தி. அப்படித் தேறியவர்களுள் பலர் மீண்டும் ஆசிரியராக வந்து நின்றார்கள். ஆண்டுதோறும் நிலையம் பத்துமலைக்கு நடத்தும் கல்வி யாத்திரையில், பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகள் பெற்றோருடன் 272 படிகளையும் ஏறுகிறார்கள். பக்தியையும் பரீட்சையையும் சேர்த்துக் குழப்புவதாக இதனைச் சிலர் பரிகசித்ததுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றித் தகப்பனார் வாய்திறந்து பேசியே அறியாத வீடுகளில், அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு காரியத்துக்காக மலையேற வைப்பது சாதாரண சாதனையன்று.

இதற்கிடையே தோட்டமே மறையலாயிற்று. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலாம் எழுந்தது. பேராங் பெசாரில் புத்ராஜெயா வந்தது. லயத்தை விட்டுப் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மண்ணெண்ணெய் விளக்குப் போய் மின்விளக்கு வந்தது, ஆனால் ஆறு பேர் படுக்கும் ஒரே அறையில் படிக்க இடமில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து வழக்கமும் மாடிப்படியோடு நின்றுவிட்டது. 1997ல் ஏற்பட்ட உயர்கல்விக் கடன்நிதி அநேகருக்குக் கதவு திறந்தது. பட்டத்தோடு கடனையும் தந்தது. இன்று கிள்ளானிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவன் இரவு பதினொரு மணிவரை மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து பாடம் படிக்கிறான். கஷ்டத்தின் உடை மாறியிருக்கிறது.

இத்தனையையும் தாண்டி வந்தவர்களை மேடையில் நிறுத்தி, ‘தன் முயற்சியால் உயர்ந்தவர்’ என்று ஒரே வாக்கியத்தில் நாம் முடித்துவிடுகிறோம். அது புகழுரை போலத் தோன்றினாலும், ஒரு வகையில் வசதியான பேச்சு. எல்லாம் அவன் முயற்சி என்று சொல்லிவிட்டால், கரும்பலகையைக் கோடு கிழித்துப் பிரிக்க வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளி கொடுத்தவரையும் படிப்பை விட்ட அக்காவையும் நினைக்க வேண்டியதில்லை. முயன்றும் முடியாமற்போனவனை முயலாதவன் என்று ஒதுக்கிவிடவும் கூடும். அந்த மாணவனையே பேசவிட்டால் அப்படிப் பேசமாட்டான். பஸ் காசு கொடுத்த உபாத்தியாயரையும், கணக்கு எழுதாமல் நோட்டுப் புத்தகம் கொடுத்த மளிகைக் கடைக்காரரையும்தான் முதலில் சொல்வான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் நடத்திவரும் சிறுகதைப் போட்டியிலிருந்து தொகுக்கப்படும் ‘பேரவைக் கதைகள்’ தொகுதிகளில், இந்நாட்டு வாழ்க்கை கதையுருவில் வந்திருக்கிறது. கதையாக்காத சாட்சியத்துக்கும் இடம் வேண்டும்.

ஆகையால் கோயில் நிர்வாகத்தாருக்கும் சங்கத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவில் ஒரு வாழ்த்துரையைக் குறைத்து, அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி, யார் ஆசிரியர், வீட்டில் யார் படிப்பை விட்டார் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். அவரைவிட அவசரமாகக் கேட்கப்பட வேண்டியவர்கள், அறுபதுகளில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்து இன்று எழுபதைத் தாண்டிவிட்டவர்கள். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். எழுதியதன் ஒரு பிரதியை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த நூலகத்தின் தமிழ் நூல்களுக்கு முதலில் பணம் கொடுத்தவர்கள் அவர்களுடைய பெற்றோர்கள்.